87 வருடம் தாமதமான பெயர் சூட்டு விழா



முதலில் ஒரு விடுகதை.

எட்டுக் கால் உண்டு, வலை பின்னாது. ஊர் ஊராகப் பறக்கும், இறக்கை கிடையாது. செத்து 87 வருடம் கழித்துப் பெயர் வைத்தார்கள். அது என்ன?

யோசியுங்கள்... அப்பா, அம்மாவிடம் கேட்கக் கூடாது. விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சடிக்கவில்லை. அதனால் பேப்பரைத் திருப்பிப் பார்த்துப் பயன் இல்லை. படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

கிராமத்தில் பாட்டி வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு துப்பு தருகிறேன். அடைகாத்த கோழி, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போன பிறகு அந்தக் கூடைக்குள் கையை விட்டிருக்கிறீர்களா? விட்டிருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை என்னவோ ஊறும். உற்றுப் பார்த்தால் தூசி. நடக்கிற தூசி! "கோழிச் செள்ளுடா அது! அந்தக் கையோட வீட்டுக்குள்ள வராதே, போய்க் குளி" என்று பாட்டி சத்தம் போடுவார்.

அந்த நடக்கிற தூசியின் சொந்தக்காரர்தான் நம் விடுகதையின் நாயகர். தலையில் இருக்கும் பேனுக்கு ஆறு கால். அது பூச்சி இனம். இதற்கு எட்டுக் கால். சிலந்தி, தேள், மாட்டு உண்ணி ஆகியவற்றுக்கு உறவு. (முட்டையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் ஆறு கால்தான் இருக்கும். பாக்கி இரண்டும் வளர வளர முளைக்கும்!) புத்தகத்தில் இதற்குச் சிற்றுண்ணி என்று பெயர். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர் அளவுதான். உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கலாம்.

பறவைகளை நம்பி வாழும் சிற்றுண்ணிகள் பல ரகம். பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும் ரகம் உண்டு. கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தலைவலி தருவது இதுதான். பறவையின் மூக்குக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ரகம் உண்டு. இறகின் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும் இல்லையா, அந்தக் குழாய்க்குள் வாழும் ரகமும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் தேன்சிட்டு மாதிரியான ரீங்காரச் சிட்டின் மூக்கில் ஏறிக்கொண்டு, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு ஓசியில் பயணம் செய்யும் ரகம்கூட இருக்கிறது. பூ வந்ததும் இறங்கிக்கொள்ளும். டிக்கெட் இல்லாத பயணம்!

நம்முடைய ஆள் இறகுச் சிற்றுண்ணி. இறகை வெளிச்சத்தில் பிடித்தால் நடுத் தண்டிலிருந்து வரிசை வரிசையாக இழைகள் தெரியும். அந்த இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துதான் இதன் தெரு. பறவை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் இழையைப் பற்றிக்கொண்டு தட்டையாகப் படுத்திருக்கும். இறகுகளை மாற்றும் காலம் வந்தால், விழப்போகும் இறகை விட்டு முன்கூட்டியே பக்கத்து இறகுக்கு நகர்ந்துவிடும். எந்த இறகு விழப்போகிறது என்று எப்படித் தெரியுமோ! ஒரே பறவையின் ஒரே சிறகில் ஒரு ரகம் ஒரு பகுதியிலும், இன்னொரு ரகம் வேறு பகுதியிலும் குடியிருப்பது உண்டு. கூட்டில் குஞ்சுக்கு இறகு முளைத்ததும், பெற்றோரின் இறகிலிருந்து நடந்து குஞ்சின் இறகுக்குப் போய்விடும். அப்படியே பேரன், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைக் குடும்பத்தோடுதான் வாழ்க்கை. கிளியின் சிற்றுண்ணி காக்கையின் மேல் ஏறிப் பிழைப்பது சுலபம் இல்லை.

இதனால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். பறவை அழிந்தால்?

வாருங்கள், அமெரிக்காவுக்குப் போவோம்.

அமெரிக்கா என்றதும் கிளி நினைவுக்கு வராது. ஆனால் அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் அந்த மண்ணுக்கே உரிய ஒரு கிளி இருந்தது. பெயர் கரோலினா கிளி. பச்சை உடம்பு, மஞ்சள் தலை, முகத்தில் ஆரஞ்சு நிறம். வடக்கே பனி விழும் நியூயார்க் பகுதியிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை, ஆற்றங்கரைக் காடுகளிலும் சதுப்புக் காடுகளிலும் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி ஆனால் பெரிய மரத்தின் பொந்துக்குள் கூட்டமாக அடைந்துவிடும். நம் ஊரில் மருளூமத்தை என்ற செடியின் முள்காயைப் பார்த்திருப்பீர்கள், துணியில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் இதற்குப் பிடித்த தீனி. ஆடு மாடுகளுக்கு அது விஷம். கிளி மட்டும் பிரித்து உள்ளே இருக்கும் விதையைச் சாப்பிடும்.

பிறகு மனிதர்கள் காட்டை வெட்டிப் பழத்தோட்டம் போட்டார்கள். கிளிக்குக் காடு எது, தோட்டம் எது என்று தெரியுமா? பழத்தைக் கடித்தது. விவசாயிகள் துப்பாக்கியை எடுத்தார்கள். இங்கேதான் மனசு கஷ்டப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. சுடப்பட்டு ஒரு கிளி கீழே விழுந்தால் மற்றவை பயந்து ஓடாது. திரும்பி வந்து, விழுந்த கிளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தும். சுடுகிறவருக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரே இடத்தில் நின்று கூட்டம் முழுவதையும் சுட்டுவிடலாம். பெண்களின் தொப்பியில் வைக்க இறகு வேண்டும் என்று ஒரு கூட்டம் பிடித்தது. கூண்டில் வளர்க்க என்று இன்னொரு கூட்டம் பிடித்தது.

காட்டில் இருந்த கடைசிக் கிளி என்று கருதப்படுவது 1904இல் ஃபுளோரிடாவில் கொல்லப்பட்டது. சின்சினாட்டி நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. ஆண் கிளியின் பெயர் இன்காஸ், பெண் கிளி லேடி ஜேன். 1917இல் லேடி ஜேன் இறந்தது. 1918ஆம் வருடம் பிப்ரவரி 21ஆம் தேதி இன்காஸும் இறந்தது. அதோடு சரி!

அன்று இன்காஸின் கூண்டுக்கு முன்னால் நின்றவர்கள், ஒரு கிளி இனம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். கணக்கில் ஒன்று கழித்தாயிற்று. அந்தக் கணக்கு தப்பு. எவ்வளவு தப்பு என்று தெரிய 2005ஆம் வருடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் உட்கார்ந்த மாதிரி பாடம் செய்த பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அது நாம் வேடிக்கை பார்க்க. ஆராய்ச்சிக்கு என்று வேறு அறை உண்டு. அங்கே வரிசையாக இழுப்பறைகள். இழுத்தால் பறவைகள் மல்லாந்து படுத்திருக்கும், கண்ணுக்குப் பதில் பஞ்சு. தோலையும் இறகையும் மட்டும் எடுத்து, பூச்சி அரிக்காமல் மருந்து பூசி, உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் காலிலும் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை. எந்த ஊர், எந்தத் தேதி, பிடித்தது யார் என்று அதில் எழுதியிருக்கும். அட்டை தொலைந்தால் அந்தப் பறவைக்கு மதிப்பே போய்விடும். உங்கள் பரீட்சைப் பேப்பரில் நம்பர் எழுத மறந்த மாதிரி!

உலகத்து மியூசியங்களில் கரோலினா கிளியின் தோல்கள் 700க்கும் மேல் இப்படிப் படுத்திருக்கின்றன. கிளி செத்து நூறு வருடம் ஆகியும் இறகு அப்படியே இருக்கிறது. இறகு இருந்தால்? ஆமாம்! இறகின் சந்தில் இருந்தவர்களும் காய்ந்து ஒட்டிக்கொண்டு அங்கேயே இருப்பார்கள்.

ரஷ்யாவின் செர்கை மிரோனோவ், போலந்தின் யாசெக் டாபர்ட், ஜெர்மனியின் ரைனர் எர்ன்ஸ்பெர்கர் என்ற மூன்று விஞ்ஞானிகள் அந்தத் தோல்களில் கிடைத்த சிற்றுண்ணிகளை ஆராய்ந்தார்கள். 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன் யாருமே பெயர் வைக்காத புதிய சிற்றினங்கள், ஒன்று அல்ல, இரண்டு அல்ல, ஆறு!

கிளிக்கு லின்னேயஸ் 1758லேயே பெயர் வைத்துவிட்டார். அதன் இறகில் குடியிருந்தவர்களுக்குப் பெயர் கிடைக்க மேலும் 247 வருடம் ஆயிற்று. அதற்குள் வீடும் போய், குடியிருந்தவர்களும் போய்விட்டார்கள். விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா? விழா நாயகர்கள் இல்லாமலே நடந்த பெயர் சூட்டு விழா அது. சர்க்கரையும் இல்லை, தொட்டிலும் இல்லை.

ஆக, 1918 பிப்ரவரியில் போனது ஒன்று அல்ல குட்டீஸ், ஏழு. பெயர் தெரிந்த வரைக்கும் ஏழு.

"சிற்றுண்ணிக்குப் பெயர் வைப்பது ஒரு பெரிய வேலையா? எடுத்தோம், வைத்தோம் என்று முடிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் விசாரித்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் சிற்றுண்ணியை இறகிலிருந்து எடுக்க வேண்டும். இறகு ஒடியக் கூடாது. தோல் கிழியக் கூடாது. அந்தக் கிளி இனி கிடைக்காது இல்லையா? மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பார்கள். தும்மல் வந்தால் தொலைந்தது! காய்ந்து சுருங்கிப் போனதை லாக்டிக் அமிலத்தில் ஊற வைப்பார்கள். தயிர் புளிப்பதற்குக் காரணமான அதே அமிலம்தான். அதில் ஊறினால் உடம்பு விரிந்து, உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, கண்ணாடி மாதிரி ஆகும். பிறகு கருவேல இனத்து மரப்பிசின் கலந்த ஒரு திரவத்தில் வைத்து, இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே படுக்க வைத்து, பல நாட்கள் உலர விடுவார்கள். கால்கள் நன்றாக விரிந்து படுக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் அளவு தப்பிவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். சிற்றுண்ணிக்கு உடம்பிலும் காலிலும் ரோமங்கள் உண்டு. எந்த ரோமம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம், ஊசி மாதிரியா, வாள் மாதிரியா என்று ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு ரோமத்துக்கும் சி-1, டி-2, எச்-3 என்று தனித்தனிப் பெயர்கூட உண்டு. அளப்பது மில்லிமீட்டரில் அல்ல, மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கான மைக்ரோமீட்டரில். ஆணுக்கும் பெண்ணுக்கும் உருவம் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு படம். முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, கால்கள் தனியாக. போட்டோ போதாது, கையால் வரைய வேண்டும். போட்டோவில் ஒரு ரோமம் தெளிவாக விழுந்தால் இன்னொன்று மங்கிவிடும். வரைகிறவரின் கண்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்.

அப்புறம் ஒப்பிட வேண்டும். தென் அமெரிக்கக் கிளிகளின் சிற்றுண்ணிகளை 1980களில் அறிஞர்கள் வகை பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். புதிதாகக் கிடைத்தது அவற்றில் ஒன்றா, இல்லையா? இல்லை என்றால் எந்த ரோமத்தில், எந்தக் காலில் வித்தியாசம்? இதைச் சொல்ல முடியாவிட்டால் புதிய சிற்றினம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் பெயர். முதலில் பேரினத்தின் பெயர், அடுத்து சிற்றினத்தின் பெயர். நம் இனிஷியல் மாதிரி குடும்ப அடையாளம் முன்னால் வரும். பெயர் வைத்த கண்ணாடிகளில் ஒன்றை மூல மாதிரி என்று குறித்து, ஒரு மியூசியத்தில் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப் என்பார்கள். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த ஒரு கண்ணாடியை எடுத்துத்தான் பார்ப்பார்கள். கடையில் எடைக்கல் சரியா என்று பார்க்க அரசாங்கத்திடம் ஒரு அசல் எடைக்கல் இருக்கிறதே, அது மாதிரி.

இதில் தவறும் நடந்திருக்கிறது. கோடிக்கணக்கில் இருந்து அழிந்துபோன பயணப் புறா என்று ஒரு பறவை. அதன் கடைசிப் பறவையான மார்த்தாவும் இன்காஸ் இறந்த அதே பறவைக் கூண்டில்தான் 1914 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தது. அந்தப் புறாவின் பேன் என்று சொல்லி, மியூசியத் தோலில் கிடைத்த ஒரு பேனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 2000இல் மறுபடி ஆராய்ந்தபோது, அது ஆஸ்திரேலியாவின் ஒரு புறாவுக்குச் சொந்தமான பேன் என்று தெரிந்தது. எங்கிருந்தோ வந்து கலந்துவிட்டிருக்கிறது!

அதே பயணப் புறாவுக்கு இன்னொரு பேன் உண்டு. இது அசல். 1937இல் பெயர் வைத்தவர், புறா போய்விட்டது, பேனும் போயிருக்கும் என்று நினைத்து, 'அழிந்துபோனது' என்ற பொருள் வரும்படியே கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயர் வைத்துவிட்டார். என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் பட்டைவால் புறா என்ற வேறொரு புறாவின் மேல் அதே பேன் சுகமாக வாழ்ந்துகொண்டிருப்பதை 1999இல் கண்டுபிடித்தார்கள். பெயரை மாற்ற விதி இடம் தராது. 'அழிந்துபோனது' என்ற பெயரோடு அது இன்னும் உயிரோடு இருக்கிறது!

அதனால்தான் நம் ஆறு பேரைப் பற்றியும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். அவையும் அழிந்திருக்கும் என்றுதான் நம்ப வேண்டியிருக்கிறது. எங்காவது ஒரு தென் அமெரிக்கக் கிளியின் இறகில் ஒன்று ஒளிந்திருந்தால் யாருக்கும் என்னைவிட அதிக சந்தோஷம் இருக்காது.

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1987இல் உலகம் முழுக்க 27தான் மிஞ்சின. காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, எல்லாவற்றையும் கூண்டில் வைத்து வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இன்று 500க்கும் மேல் இருக்கின்றன. பாராட்ட வேண்டிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் பிடித்து வந்த பறவைகளுக்கெல்லாம் பேன் மருந்து போட்டார்கள். அந்தக் கழுகின் மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் இருந்தது. 1963இல்தான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மருந்து போட்டதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு இனத்தைக் காப்பாற்றிய கையே இன்னொரு இனத்தை முடித்துவிட்டது. அந்தப் பேன் கழுகுக்குப் பெரிய கெடுதல் செய்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அது பேன், அவ்வளவுதான் அதன் குற்றம்.

"பேன் போனால் என்ன சார், நல்லதுதானே?" என்று சிரிப்பீர்கள். சரி, ஒரு கேள்வி. இறகுச் சிற்றுண்ணி பறவைக்கு என்ன செய்கிறது? ஒட்டுண்ணி என்று எல்லோரும் சொன்னோம். பறவையைத் தின்கிறது என்று பலரும் நினைத்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பலவகைப் பறவைகளின் இறகுச் சிற்றுண்ணிகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பிலும் டி.என்.ஏ. சோதனையிலும் பார்த்தார்கள். பறவையின் ரத்தமோ, இறகோ முக்கிய உணவாக இல்லை. பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் நிறைய! இறகின் மேல் படிந்த அழுக்கைத் தின்று சுத்தம் செய்கிற துப்புரவுப் பணியாளராக இருக்கலாம் என்கிறார்கள். எல்லாச் சிற்றுண்ணியும் அப்படி இல்லை. பாட்டி வீட்டுக் கோழிச் செள்ளு ரத்தம் குடிப்பது ரத்தம் குடிப்பதுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எது எதிரி, எது வேலைக்காரர் என்று பெயரும் ஆளும் தெரியாமல் எப்படிச் சொல்வது? கரோலினா கிளியின் ஆறு பேர் அந்தக் கிளிக்கு நல்லது செய்தார்களா, கெட்டது செய்தார்களா என்று இனி யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது.

இறகுச் சிற்றுண்ணிகளில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் பறவை இனங்கள் மட்டும் 10,000க்கும் மேல். ஒரே கிளியில் ஆறு புதிய பெயர் கிடைத்திருக்கிறது. கணக்கு வாத்தியார் இல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும், இன்னும் எத்தனை பேர் பெயரில்லாமல் பறந்துகொண்டிருப்பார்கள் என்று.

எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அதையும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? செத்த பறவைகளை இழுப்பறையில் அடுக்கி வைத்துப் பாதுகாக்க எதற்குச் செலவு என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து சிற்றுண்ணியின் கால் ரோமத்தை எண்ணினால், "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்பார்கள். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் தேசிய அருங்காட்சியகம் இருந்தது. கவனிப்பும் பணமும் போதாமல் இருந்த அந்தக் கட்டடத்தில் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு தீப்பிடித்தது. பல தலைமுறைகள் சேர்த்து வைத்த பூச்சி மாதிரிகளும் சிலந்தி இனத்து மாதிரிகளும் அன்று சாம்பல் ஆயின. எத்தனையோ சிற்றினங்களின் மூல மாதிரிகளும் அதில் இருந்தன. கரோலினா கிளியின் தோல்களை நூறு வருடம் முன்னால் யாரோ ஒருவர் 'செத்த கிளிதானே' என்று குப்பையில் போட்டிருந்தால், 2005இல் அந்த மூன்று பேரும் எதைப் பார்த்திருப்பார்கள்? அந்தத் தோலைச் சேகரித்தவர் சிற்றுண்ணிக்காகச் சேகரிக்கவில்லை. அதில் சிற்றுண்ணி இருக்கும் என்றே அவர் நினைத்திருக்க மாட்டார். வைத்தவருக்கே தெரியாத பொருள் அந்த இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது.

அந்த இழுப்பறைக் கிளி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் பாடம் செய்து வைத்திருந்த ஒரு கரோலினா கிளியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து 2019இல் வெளியிட்டார்கள். ஓர் இனம் பல காலமாக மெல்ல மெல்லத் தேய்ந்து வந்திருந்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ந்த அடையாளம் மரபணுவில் தெரியும். இந்தக் கிளியில் அது இல்லை. அதாவது கிளி நன்றாகத்தான் இருந்தது. திடீரென்றுதான் போயிற்று. போக வைத்தவர்கள் மனிதர்கள் என்ற பழைய சந்தேகம் இன்னும் உறுதியாகியிருக்கிறது.

கடைசியாக, உங்களில் சிலர் இந்நேரம் வாசலுக்கு ஓடி, காக்கை இறகோ கிளி இறகோ கிடக்கிறதா என்று தேட ஆரம்பித்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை! இறகைச் சூரிய வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுத் தண்டை ஒட்டிய சந்துகளில் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அவர்கள்தான். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் தானாக உதிர்ந்து விழுந்த இறகு என்றால் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன், மறந்தவர்கள் திரும்பப் படியுங்கள். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். பாட்டி சொன்னது நினைவிருக்கிறது இல்லையா?

அன்புடன்,
ஆசிரியர்